வாகன ஏர்பேக், சீட் பெல்ட் வெடிபாகங்கள்: பாதுகாப்பாக அகற்றுதலும் காயம் ஏற்பட்டால் செய்ய வேண்டியவையும்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரையிலான பகுதி, அணுகுசாலை வேண்டுமென்று மக்கள் பல ஆண்டுகளாகக் கோரி வரும் நெரிசல் மிகுந்த பகுதியாகும். அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் ஆகிய ஊர்கள் இச்சாலையில்தான் அமைந்துள்ளன. இங்கு விபத்தில் சேதமடையும் கார்கள் பெரும்பாலும் வீட்டு வாசலிலோ, டிங்கரிங் பணிமனையிலோ, காயலாங்கடையிலோ வந்து நிற்கின்றன. காயமடைந்தவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்னரும் அவரது கார் பல வாரங்கள் அப்படியே கிடப்பதுண்டு.

அத்தகைய காரில் உயிர் காப்பதற்காகப் பொருத்தப்பட்ட ஏர்பேக் எனும் காற்றுப் பைகளும், சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிகளும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு வெடிமருந்து உள்ளது. கார் ஓடாத நிலையிலும், பேட்டரி கழற்றப்பட்ட நிலையிலும் அம்மருந்து செயலிழப்பதில்லை. இவற்றை வெட்டுவதாலும், கழற்றுவதாலும், எரிப்பதாலும் நேரும் காயங்கள் பெரும்பாலும் கை, கண், காது ஆகிய உறுப்புகளைத் தாக்கி நிரந்தர ஊனத்தை விளைவிக்கக்கூடியவை. நோயாளிகளும், அவர்களைப் பராமரிப்போரும், பணிமனைத் தொழிலாளர்களின் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவை இங்கு தொகுத்துத் தரப்படுகின்றன.

இப்பாகங்கள் எங்கே உள்ளன?

- ஓட்டுநருக்கான ஏர்பேக்: ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவில்.
- முன்பயணிக்கான ஏர்பேக்: டேஷ்போர்டின் உள்ளே.
- பக்கவாட்டு ஏர்பேக்: முன் இருக்கைகளின் சாய்மானத்தின் ஓரத்தில்.
- திரை வடிவ ஏர்பேக்: கதவுகளுக்கு மேலே, கூரையின் உள் ஓரம் நெடுகிலும்.
- முழங்கால் ஏர்பேக்: சில கார்களில் ஸ்டீயரிங்கிற்குக் கீழே.
- சீட் பெல்ட் இறுக்கி: இரு கதவுகளுக்கு இடைப்பட்ட தூணின் அடிப்பகுதியில், அல்லது பெல்ட் மாட்டும் பூட்டின் அருகில்.

'ஏர்பேக்' அல்லது 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ள இடங்களில் இப்பாகங்கள் உள்ளன. இவற்றுக்குச் செல்லும் மின்கம்பி இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் நிற இணைப்பைக் கண்டால் அதனைத் தொடாமல் விலகுவதே முறையாகும்.

இவை எவ்வாறு செயல்படுகின்றன?

மோதல் ஏற்பட்டதும் உணர்விகள் அதனைக் கண்டறிந்து ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்புகின்றன. அது தீமூட்டியைப் பற்றவைக்கிறது. வாயுக்கலத்தில் உள்ள திட எரிபொருள் எரிந்து, நைலான் பையை வாயுவால் நிரப்புகிறது. கண் இமைக்கும் நேரத்தினும் குறைவாக, ஏறத்தாழ 20 முதல் 40 மில்லி விநாடிகளில் பை விரிந்துவிடும். அப்போது எழும் ஓசை 160 டெசிபெல் அளவையும் கடக்கக்கூடியது. சீட் பெல்ட் இறுக்கியில் உள்ள மருந்து ஓரிரு கிராம் மட்டுமே; ஆயினும் பெல்ட்டை நொடிப்பொழுதில் இழுத்து இறுக்கும் அவ்விசை ஒரு விரலை நசுக்கப் போதுமானது.

பழைய கார்களின் வாயுக்கலங்களில் சோடியம் அசைடு என்னும் நச்சு வேதிப்பொருள் பயன்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் குவானிடின் நைட்ரேட் போன்றவை பயன்பாட்டிற்கு வந்தன. திரை வடிவ ஏர்பேக்குகள் பலவற்றில் மிக உயர்ந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயு உருளையும் இருக்கும். கூரையோரத்தைக் கட்டிங் இயந்திரம் கொண்டு வெட்டும்போது அவ்வுருளை வெட்டுப்பட்டால், அது எறிபடையைப் போலப் பாயும்.

பரவலாக உள்ள தவறான எண்ணங்கள்

"ஏர்பேக் ஏற்கெனவே விரிந்துவிட்டது, இனி ஆபத்தில்லை."

நேருக்கு நேரான மோதலில் முன்பக்க ஏர்பேக்குகள் மட்டுமே விரிந்திருக்கலாம். பக்கவாட்டு ஏர்பேக்குகளும், திரை வடிவ ஏர்பேக்குகளும், சில இறுக்கிகளும் வெடிக்காமல் இருக்கக்கூடும். மேலும், பல கார்களில் ஒரே ஏர்பேக்கிற்கு இரு கட்டங்களாக எரியும் வாயுக்கலம் உண்டு. மோதல் மிதமானதாக இருந்தால் முதற்கட்டம் மட்டும் எரிந்து, இரண்டாம் கட்டம் எரியாமல் எஞ்சியிருக்கும். எனவே தொங்கிக் கிடக்கும் பையைக் கண்டு, அது அடங்கிவிட்டது என்று முடிவு செய்யலாகாது.

"பேட்டரியைக் கழற்றிவிட்டால் போதும்."

மோதலில் பேட்டரி அறுபட்டாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்தேக்கி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பேட்டரி துண்டிக்கப்பட்ட பின்னரும் சில நிமிடங்களுக்கு அதில் மின்சாரம் இருக்கும். மின்தேக்கி முற்றிலும் வெறுமையான பின்னரும் வெடிமருந்து அப்படியே இருக்கிறது. மல்டிமீட்டரால் சோதிப்பது, வெளி பேட்டரியைத் தொடவைப்பது, உடலில் உள்ள நிலைமின்சாரம் ஆகியவையும் அதனைப் பற்றவைக்கக்கூடும்.

"இத்தனை ஆண்டுகளாகக் கார் உடைக்கிறோம், ஒன்றும் நடந்ததில்லை."

இதுவரை உடைக்கப்பட்ட பழைய கார்கள் பலவற்றில் ஏர்பேக்கே இல்லை. இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை 1 முதலும், முன்பயணிக்கான ஏர்பேக் புதிய மாடல்களில் 2021 ஏப்ரல் முதலும், ஏனைய மாடல்களில் 2022 தொடக்கத்திலிருந்தும் கட்டாயமாக்கப்பட்டன. இக்கார்கள் இப்போதுதான் விபத்துகளாலும், வெள்ளச் சேதத்தாலும் காயலாங்கடைகளை வந்தடைகின்றன. வரும் ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை பெருகும். பழைய கார்களை உடைத்த அனுபவம் இப்புதிய ஆபத்திற்குப் பாதுகாப்பாகாது.

ஆபத்தின் அளவை உணர்த்தும் நிகழ்வுகள்

2024 டிசம்பரில் நவி மும்பையின் வாஷியில், காரின் முன் இருக்கையில் அமர்ந்திருந்த 6 வயதுச் சிறுவன், விபத்தின்போது விரிந்த ஏர்பேக்கின் தாக்குதலால் உயிரிழந்தான். பெரியவரைக் காக்கும் அதே விசை, மிக அருகில் இருக்கும் குழந்தையின் உயிரைப் பறிக்க வல்லது என்பதை இத்துயரம் காட்டியது. கழற்றிய ஏர்பேக்கின் மேல் குனிந்து வேலை செய்யும் தொழிலாளியின் முகமும் அதே நெருக்கத்தில்தான் இருக்கிறது.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த வாயுக்கலங்களில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டது. நீண்டகால வெப்பமும் ஈரப்பதமும் அம்மருந்தைச் சிதைத்ததால், அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கலம் துண்டு துண்டாகச் சிதறியது. அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் இதனால் உயிரிழந்தனர். உலகெங்கும் கோடிக்கணக்கான வாயுக்கலங்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவிலும் பல கார்களில் அவை மாற்றப்பட்டன. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், இந்நிறுவனத்தின் வாயுக்கலப் பொருட்களை ஏற்றிச் சென்ற லாரி விபத்துக்குள்ளாகி வெடித்ததில், சாலையோர வீட்டிலிருந்த ஒரு பெண் உயிரிழந்தார். பழைய கார்களிலிருந்து கழற்றிய வாயுக்கலங்களை வாங்கி மீண்டும் பொருத்துவதும், அவற்றைச் சாதாரணச் சரக்காக எடுத்துச் செல்வதும் எத்துணை ஆபத்தானவை என்பது இவற்றால் விளங்கும்.

செய்யக் கூடாதவை

- ஏர்பேக்கையோ சீட் பெல்ட் இறுக்கியையோ தாமாகக் கழற்றவோ, பிரிக்கவோ, துளையிடவோ, சுத்தியலால் அடிக்கவோ கூடாது.
- அவை இருக்கும் இடத்தின் அருகில் கேஸ் கட்டிங், வெல்டிங் செய்யக் கூடாது. தீயில் இட்டாலும், அதிக வெப்பத்திற்கு உள்ளானாலும் மருந்து தானாகவே பற்றும்.
- வீட்டுக் குப்பையிலோ, மாநகராட்சிக் குப்பை வண்டியிலோ, பழைய இரும்போடு சேர்த்தோ போடக் கூடாது.
- வாயுக்கலத்தில் உள்ள வில்லைகளையோ தூளையோ கையால் தொடவோ, நீரில் கரைக்கவோ, சாக்கடையில் கொட்டவோ கூடாது. சோடியம் அசைடு அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். செம்பு, ஈயக் குழாய்களுடன் வினைபுரிந்து வெடிக்கும் உப்புகளாக மாறும்.
- சமூக ஊடகக் காணொளிகளைக் கண்டு, வேடிக்கைக்காக ஏர்பேக்கின் மேல் அமர்ந்தோ, பேட்டரியைத் தொடவைத்தோ வெடிக்கச் செய்யக் கூடாது. முதுகெலும்பு முறிவும், செவித்திறன் இழப்பும் இதனால் நேரலாம்.
- பழைய ஏர்பேக்கை விலைக்கு வாங்கித் தம் காரில் பொருத்தக் கூடாது.

பாதுகாப்பாக அகற்றும் முறை

ஏர்பேக்குகளையும் இறுக்கிகளையும் காரிலேயே விட்டு, காரை முழுமையாக முறையான நிலையத்தில் ஒப்படைப்பதே மிகப் பாதுகாப்பான வழியாகும். அங்கு பயிற்சி பெற்ற பணியாளர்கள், தயாரிப்பு நிறுவனத்தின் கையேட்டைப் பின்பற்றி, தொலைவில் நின்று மின்கருவி வாயிலாக அவற்றை வாகனத்திற்குள்ளேயே வெடிக்கச் செய்வர். இவ்வாறு முழுமையாக வெடித்துக் குளிர்ந்த பின்னரே அவை சாதாரண உலோகக் கழிவாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நெறிமுறையும், வாகனத்தை உடைக்கும் முன் ஏர்பேக் போன்ற வெடிக்கக்கூடிய பாகங்களை அகற்றவோ செயலிழக்கச் செய்யவோ வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

இந்தியாவில் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்டன. ஆயுட்காலம் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. வாகன உரிமையாளர் பின்பற்ற வேண்டிய படிகள்:

1. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களின் விவரத்தைக் கேட்டறியவும்.
2. காப்பீட்டு நிறுவனம் காரை முழுச்சேதம் என அறிவித்திருந்தால், கார் எவரிடம் செல்கிறது என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளவும்.
3. காரை ஒப்படைக்கும்போது எந்தெந்த ஏர்பேக் விரிந்துள்ளது, எவை விரியவில்லை என்பதைத் தெரிவிக்கவும்.
4. வைப்புச் சான்றிதழைத் தவறாமல் பெறவும். புதிய வாகனம் வாங்கும்போது கட்டணச் சலுகை பெற அது உதவும்.

காரைப் பழுது நீக்கிப் பயன்படுத்த விரும்பினால், ஏர்பேக் வேலையை அந்நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் மட்டுமே செய்யவும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அக்காருக்கு ஏர்பேக் திரும்பப்பெறும் அறிவிப்பு உள்ளதா என்று கேட்கவும். அறிவிப்பு இருந்தால் கட்டணமின்றி மாற்றித் தரப்படும்.

கழற்றப்பட்ட ஏர்பேக் வீட்டிலோ பணிமனையிலோ ஏற்கெனவே இருந்தால்

- குழந்தைகளையும் மற்றவர்களையும் விலக்கி வைக்கவும். அருகில் புகைபிடிக்கவோ, அடுப்பு மூட்டவோ, கைப்பேசி சார்ஜ் செய்யவோ வேண்டாம்.
- இயன்றவரை அதனை இடம் மாற்ற வேண்டாம். தவிர்க்க முடியாவிடில், பை விரியும் மேல்மூடி உடலிலிருந்து விலகி இருக்குமாறு பிடிக்கவும். மின்கம்பியைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.
- மேல்மூடி வானத்தை நோக்கி இருக்குமாறு தரையில் வைக்கவும். மூடி தரையை நோக்கி இருக்கும்போது வெடித்தால், முழுப் பாகமும் மேல்நோக்கிப் பாயும். அதன்மேல் எப்பொருளையும் அடுக்க வேண்டாம்.
- பேருந்திலோ, ஆட்டோவிலோ, இருசக்கர வாகனத்திலோ எடுத்துச் செல்ல வேண்டாம். அந்நிறுவனத்தின் சேவை மையத்தை அழைத்து ஆலோசனை பெறவும்.
- பாகம் நசுங்கியோ, உடைந்தோ, தூள் சிந்தியோ இருந்தால் விலகி நின்று, தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைக்கவும்.

ஏற்படக்கூடிய காயங்களும் முதலுதவியும்

முதலில் அவ்விடத்திலிருந்து விலகவும். மற்றொரு பாகம் வெடிக்கக்கூடும். வெடித்த கலம் கடும் வெப்பத்துடன் இருக்கும் என்பதால் அதனைத் தொட வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

கண்: ஏர்பேக்கிலிருந்து வெளிப்படும் நுண்தூள் காரத்தன்மை உடையது. காரம் கண்ணின் கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவும். உடனடியாகத் தூய குழாய் நீரால், இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 30 நிமிடங்கள் இடைவிடாது கழுவவும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே அகற்றவும். கண்ணைத் தேய்ப்பது, தாய்ப்பால் விடுவது, வீட்டிலுள்ள பழைய சொட்டு மருந்தை இடுவது ஆகியவற்றைத் தவிர்க்கவும். கண்ணில் உலோகத் துண்டு குத்தியிருந்தாலோ, கண் கிழிந்திருந்தாலோ கழுவவோ அழுத்தவோ வேண்டாம். காகிதக் கோப்பை ஒன்றால் கண்ணை மூடி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

தோல்: ஒட்டியுள்ள உலர்ந்த தூளை முதலில் துணியால் தட்டிவிட்டு, ஆடையைக் களைந்து, 20 முதல் 30 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவவும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் தோன்றும் முன் கழற்றவும். மஞ்சள், பற்பசை, மை, இட்லி மாவு போன்ற எதையும் பூச வேண்டாம்.

கையும் விரல்களும்: குருதி வழிந்தால் தூய துணியால் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்கவும். உள்ளே குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்க வேண்டாம். விரல் துண்டிக்கப்பட்டிருந்தால், அதனை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுசெல்லவும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது.

காது: இரைச்சல், அடைப்பு, கேட்புத்திறன் குறைவு, தலைச்சுற்றல், குருதிக் கசிவு ஆகியவை அறிகுறிகளாகும். காதில் எண்ணெயோ நீரோ ஊற்ற வேண்டாம். "தானே சரியாகும்" என்று காத்திராமல், இரு நாட்களுக்குள் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காணவும். தாமதித்தால் மீளக்கூடிய செவித்திறனும் மீளாமற் போகலாம்.

சுவாசம்: மூடிய இடத்தில் இத்தூளையும் புகையையும் உள்ளிழுத்தால் இருமலும் மூச்சிரைப்பும் தோன்றும். ஆஸ்துமா உள்ளவர்க்கு இது கடுமையாகலாம். திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, அவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட இன்ஹேலரைக் கொடுக்கவும்.

நச்சுப் பாதிப்பு: எரியாத சோடியம் அசைடு உடலில் சேர்ந்தால் தலைவலி, வாந்தி, படபடப்பு, குருதியழுத்த வீழ்ச்சி, மயக்கம், வலிப்பு ஆகியவை நிமிடங்களில் தோன்றலாம். இதற்குத் தனியான மாற்று மருந்து இல்லை. விரைவான மருத்துவமனைச் சிகிச்சையே உயிர் காக்கும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவோ, நீர் கொடுக்கவோ வேண்டாம். வாயோடு வாய் வைத்துச் சுவாசம் அளிக்க வேண்டாம், உதவுபவரும் பாதிக்கப்படுவார். வாந்தியைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். களைந்த ஆடைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மற்றவர் தொடாத இடத்தில் வைக்கவும். புதுடெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தொடர்புகொள்ளலாம்.

மருத்துவரிடம் உண்மையைக் கூறுங்கள்

பணிமனையில் காயமடைந்தவர்கள் சிலர், உரிமையாளருக்குத் தொல்லை நேருமோ, காவல்துறை விசாரணை வருமோ என்று அஞ்சி, "வழுக்கி விழுந்தேன்", "டயர் வெடித்தது" என்று கூறுவதுண்டு. இது சிகிச்சையைத் தவறான பாதையில் செலுத்தும். ஏர்பேக் வெடித்தது என்று தெரிந்தால்தான், மருத்துவர் கண்ணின் காரத்தன்மையைச் சோதிப்பார்; தோலுக்கு அடியில் புதைந்த உலோகத் துண்டுகளை எக்ஸ்ரே வாயிலாகத் தேடுவார்; நச்சுப் பாதிப்பைக் கண்காணிப்பார்; செவிப் பரிசோதனைக்கு அனுப்புவார். உலோகத் துண்டு உள்ளே இருப்பதை அறியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தால், அத்துண்டு நகர்ந்து கண் முதலிய மென்மையான உறுப்புகளைச் சேதப்படுத்தலாம்.

அரசு மருத்துவமனையில் இத்தகைய காயம் விபத்துப் பதிவேட்டில் குறிக்கப்படுவது வழக்கமான நடைமுறையே. இதற்காக அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம். இப்பதிவு பின்னர் இழப்பீடு, காப்பீடு, தொழிலாளர் ஈட்டுறுதி உதவி ஆகியவற்றைக் கோருவதற்கு ஆதாரமாகவும் அமையும். காட்டூர் பகுதியினர் திருவெறும்பூர் அரசு மருத்துவமனையையோ, திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையையோ அணுகலாம். சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

பராமரிப்போர் கவனத்திற்கு

- தனுர்வாத ஊசி போடப்பட்டதா என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யவும்.
- காயத்தில் சீழ், துர்நாற்றம், பெருகும் வீக்கம், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவும்.
- கண் வலி, ஒளிக்கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை சிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்தால் மீண்டும் கண் மருத்துவரைக் காணவும்.
- கைக் காயத்திற்குப் பின் இயன்முறைப் பயிற்சியை இடையில் நிறுத்த வேண்டாம். விரல் மூட்டுகள் இறுகிவிட்டால் மீட்பது கடினம்.
- திடுக்கிடல், உறக்கமின்மை, பணிமனைக்குத் திரும்ப அச்சம் ஆகியவை வெடிவிபத்திற்குப் பின் இயல்பானவை. சில வாரங்கள் கடந்தும் நீடித்தால் மனநல ஆலோசனை பெறவும். 104 எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர்பேக் ஆபத்தானது என்றால், காரில் ஓடும்போதே அதனை நீக்கிவிடலாமா?

கூடாது. சீட் பெல்ட் அணிந்தவருக்கு ஏர்பேக் உயிர் காக்கும் கருவியாகும். குழந்தைகளைப் பின் இருக்கையில், வயதிற்கேற்ற பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தவும். மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர வேண்டாம்.

பல ஆண்டுகள் வெயிலில் நின்ற காரில் மருந்து வீணாகியிருக்காதா?

அவ்வாறு கருதலாகாது. பழைய மருந்து செயல்படும் நிலையிலேயே இருக்கலாம். சில வகைகளில் வெப்பத்தாலும் ஈரத்தாலும் அதன் ஆபத்து மேலும் கூடுகிறது.

விரிந்த ஏர்பேக் துணியை வீட்டில் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அதில் காரத்தூள் படிந்திருக்கும். அதனை அறுத்தெடுக்க முயலும்போது, எரியாமல் எஞ்சிய இரண்டாம் கட்டம் வெடிக்கவும் கூடும்.

நினைவில் கொள்க

- விரிந்த ஏர்பேக்கும், விரியாத ஏர்பேக்கும், சீட் பெல்ட் இறுக்கியும் வல்லுநர் உறுதி செய்யும்வரை உயிருள்ள வெடிபாகங்களே.
- கழற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், எரிக்க வேண்டாம். காரோடு முறையான நிலையத்தில் ஒப்படைக்கவும்.
- கண்ணில் தூள் பட்டால் முதலில் 30 நிமிடம் நீரால் கழுவவும், பின்னரே பயணம்.
- எது வெடித்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும்.

இக்கட்டுரை பொதுமக்களின் விழிப்புணர்விற்காக மட்டுமே வழங்கப்படுகிறது. இது மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகாது.